பேச்சித்தாய்க்குப் போட்ட வயர்

"நாளையிலேர்ந்து நான் வரலை, மேடம்" என்றார் மாசிலாமணி.

ஜெசிந்தா தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பாடா இப்ப முக்கியம்?"

ஜெசிந்தா அந்த இருதய ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் என்கிற பேட்டரி வைக்கும் டாக்டர். மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர். வேறு ஊரில் பல வருடம் இருதய வைத்தியம் பார்த்துவிட்டு, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர். அதனால் குரு சிஷ்யரை சார் என்பார். சிஷ்யர் குருவை மேடம் என்பார்.

வேலை இதுதான். இதயம் மெதுவாக அடிக்கிறவருக்குக் காறையெலும்புக்குக் கீழே ரத்தக் குழாயைத் துளைத்து, அதன் வழியாக ஒரு வயரை இதயத்துக்குள் இறக்க வேண்டும். நுனியை உள்ளே திருகி நிறுத்த வேண்டும். மறுமுனையைப் பேட்டரியில் மாட்டி, தோலுக்கு அடியில் வைத்துத் தைக்க வேண்டும்.

பேச்சித்தாய் என்ற நோயாளிக்கு மாசிலாமணி இரண்டு முறை போட்டார். இரண்டு முறையும் நுனி கழன்றுவிட்டது.

கழன்றால் பேச்சித்தாய் மயங்கி விழுந்துவிடுவார். இப்போது கழுத்து வழியாக ஒரு தற்காலிக வயர் ஓடுகிறது. அதை நெடுநாள் வைக்க முடியாது. மறுபடி திறக்க வேண்டும். திறக்கத் திறக்கப் புண்ணில் சீழ் பிடிக்கும் பயம் கூடும். பிடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாசிலாமணி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"கழல்றதுக்கு முந்தி எடுத்தது. பாருங்க. கோடு போட்ட மாதிரி இருக்கா இல்லையா?"

"ரொம்ப அழகா இருக்கு."

"அப்புறம் ஏன் கழலுது?"

ஜெசிந்தா ஊறுகாயை நக்கினார்.

"எவ்வளவு நீளம் உள்ளே விடணும்? சென்டிமீட்டர்ல சொல்லுங்க."

"தெரியாது சார்."

"இத்தனை வருஷமா போடறீங்க. தெரியாதுங்கறீங்க. ஆளுக்கு ஆள் மாறும், அதானே? அது புத்தகத்திலேயே இருக்கு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் என்ன, வாயா தேய்ந்துவிடும்? மாசிலாமணி படத்தைச் சுருட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

பேச்சித்தாய் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஓங்கிய குரல். படுத்துக் கிடந்தாலும் குரல் படுக்கவில்லை.

"வந்துட்டியளா?"

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. கையைத் தூக்கினீங்களா?"

"தூக்கலை. தலைகூட வாரலை. பேய் மாதிரி கெடக்கேன், பாக்கியள்லா?"

"எழுந்து நின்னீங்களா?"

"நிக்கலாம்னு நீங்கதான சொன்னிய! கக்கூசுக்குப் படுத்துக்கிட்டா போவாவ?"

"இருமினீங்களா?"

"தும்மல் வந்தாக்கூட மூக்கப் பிடிச்சிக்கிட்டேன். நான் என்ன, கடையில வச்ச பொம்மையா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். மாசிலாமணிக்குக் காது சிவந்தது.

"நாளைக்கு மறுபடி போட்டுடலாம்."

"நீங்க போட வேண்டாம்."

"அம்மா..."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்படியே வீட்டுக்குப் போறேன். விழுந்து செத்தா சாவுதேன். உங்களுக்குப் படிக்க என் நெஞ்சுதானா கெடச்சுது?"

மாசிலாமணி திரும்பி வந்தார். ஜெசிந்தா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் போடக்கூடாதாம்."

"நியாயம்தானே?"

"நியாயம்தான். ஆனா, நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க. சொன்னா போயிடறேன்."

ஜெசிந்தா கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். வேண்டுமென்றே துடைத்தார் என்று மாசிலாமணி நினைத்தார்.

"நாளைக்கு நான் போடறேன். நீங்க அந்தம்மா தலைமாட்டில உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"பேசிக்கிட்டிருங்க."

"பேசவா? நர்ஸ் பார்க்கிற வேலை மேடம் அது."

"ஆமா. அவங்க நல்லா பார்ப்பாங்க. நாளைக்கு நீங்க பாருங்க."

மறுநாள் ஜெசிந்தா போடுவதாக இருந்தால் சரி என்று பேச்சித்தாய் கையெழுத்துப் போட்டார்.

மேஜைமேல் படுக்க வைத்தார்கள். பச்சைத் துணி போர்த்தினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகம் மட்டும் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே ஒரு முக்காலியில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். உடம்பில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈய அங்கி கனத்தது.

"நீங்க எதுக்கு இங்க?" என்றார் பேச்சித்தாய்.

"பேசச் சொன்னாங்க."

"பேசுங்க."

மேஜைக்கு மேலே எக்ஸ்ரே படம் ஓடும் திரை இருந்தது. மாசிலாமணி அதையே பார்த்தார். பழைய வயர் வெளியே வந்தது. புது வயர் உள்ளே இறங்கியது. நுனி திருகி நின்றது. வயரை உள்ளே விட்ட வழிக்குழாயை ஜெசிந்தா உரித்து எடுத்துவிட்டார்.

வயர் இதயத்துக்குள் வளைந்து, தளர்ந்து, ஒரு பக்கமாகத் தொய்ந்து கிடந்தது. கொடியில் சரியாகப் போடாத புடவை மாதிரி இருந்தது.

மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், அதிகமா விட்டுட்டீங்க. தொங்குது."

"அப்படியா?"

"கொஞ்சம் வெளியே இழுங்க. நேரா வரும்."

"அந்தம்மாவைப் பெரிசா மூச்சு இழுக்கச் சொல்லுங்க சார்."

"மூச்சு எதுக்கு இப்ப?"

ஜெசிந்தா வயரைப் பிடித்தபடி திரையைப் பார்த்தார்.

மாசிலாமணி எரிச்சலோடு குனிந்தார்.

"அம்மா, பெரிசா மூச்சு இழுங்க."

"எம்புட்டுப் பெரிசா?"

"முடிஞ்ச மட்டும்."

பேச்சித்தாய் இழுத்தார். பெரிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கப்போகிறவர் மாதிரி இழுத்தார். மார்பு விரிந்தது. திரையில் இதயம் கீழே இறங்கியது. தொய்வு மெல்ல மெல்லக் குறைந்தது.

வயர் நேரானது.

கோடு போட்ட மாதிரி நேரானது.

பேச்சித்தாய் மூச்சை விட்டார். வயர் மறுபடி தொய்ந்தது.

மாசிலாமணி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இன்னொரு முறை இழுக்கச் சொன்னார். அந்தக் கோடு வந்தது. போனது.

"முதல்லயே நேரா விட்டிருந்தா, இழுக்கற மூச்சுல நுனி..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை. வயரின்மேல் ஓடும் சின்ன ரப்பர் உறையைத் தள்ளிச் சதைக்கு அருகே கொண்டுவந்தார். அந்த உறையைச் சதையோடு சேர்த்து நூலால் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் வயர் அதற்குப் பிறகு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. எவ்வளவு விட்டோமோ அவ்வளவுதான்.

"சார், கை கழுவிட்டு வந்து நூல் கட்டறீங்களா?"

துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாரு, இவியளா?"

"உங்க இஷ்டம்மா. வேண்டாம்னா நானே கட்டறேன்."

பேச்சித்தாய் கூரையைப் பார்த்தார். பிறகு கண்ணை உருட்டி மாசிலாமணியைப் பார்த்தார்.

"எய்யா, ஒண்ணு கேக்கேன். போன ரெண்டு தடவையும், மூச்ச விட்டுட்டு அடக்கு, அடக்குன்னு என்னை அந்தப் பாடு படுத்துனியளே, எதுக்கு?"

மாசிலாமணி அவர் முகத்தருகே குனிந்தார்.

"படம் ஆடக்கூடாதுன்னு."

"இப்ப?"

"ஆடட்டும்மா."

பேச்சித்தாய் ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்பக் கட்டுங்க."