பெரிசாகி வா

தேர்தல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, கோமதிநாயகம் தன் ஆசானிடம் கேட்டார்.

"ஆசான், யாருக்கு ஓட்டுப் போட?"

ஆசான் கொக்கியில் இறாலைக் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அண்ணாச்சி. கம்பை எடுங்க. கடல்தண்ணி ஏறுது."

ஆசான் என்றதும் தாடியும் காவியும் கண்முன் வந்தால் அது நம்முடைய தப்பு. அவர் பெயர் எப்சிபா. பல் டாக்டரம்மா. கோமதிநாயகத்தைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஊரார் வாயைத் திறக்கவைத்துப் பிழைக்கிறவர், தன் வாயை மட்டும் சுலபத்தில் திறக்கமாட்டார். ஆஸ்பத்திரி விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில், ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, பழைய பாலத்தடியில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஊரில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் அத்தனை பேரும் அவரிடம் கற்றவர்கள்தான்.

கோமதிநாயகம் பெயிண்ட் கடை முதலாளி. ரத்த அழுத்தம் எகிறிய நாட்களில், எதிலாவது மனதைச் செலுத்துங்கள் என்று யாரோ சொல்ல, பாலத்தடிக்கு வந்து சேர்ந்தவர். கடையில் அவர் சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது. ஆற்றங்கரையில் அவர் சீடர். அப்படி இருப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஊரில் தூண்டில்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்கு அவர்தான் தலைவர். சங்கம் என்றால் அவர் கடை மாடியில் ஒரு அறை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு தராசு, ஒரு சுவர். அந்தச் சுவர்தான் முக்கியம். பெரிய கொடுவா மீனைப் பிடித்து வந்து, சங்கத் தராசில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அதில் வரிசையாக மாட்டியிருக்கும். ஆற்றங்கரையிலேயே செல்போனில் எடுத்த படம் செல்லாது. தராசில் தொங்கினால்தான் சுவரில் ஏறலாம் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு.

தலைவருடைய படம் அதில் இல்லை.

"நம்ம தலைவரோட மீன் இன்னும் வளந்துக்கிட்டே இருக்குவே" என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்பு நெஞ்சைக் குத்திக்கொண்டே இருக்கும். ஆசானின் படமும் சுவரில் இல்லைதான். ஆனால் நாளைக்கே பல்லைக் காட்டிக்கொண்டு போய் நிற்கவேண்டிய இடம் என்பதால் அவரை யாரும் கேலி செய்வதில்லை.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சின்ன மீன் மாட்டினால் விட்டுவிட வேண்டும். சும்மா விட்டெறியக் கூடாது. தண்ணீருக்குள் இரண்டு கையாலும் பிடித்து, "பெரிசாகி வா" என்று சொல்லி விடவேண்டும். மகனைப் படிக்க ரயிலேற்றிவிடுகிற தகப்பனின் முகம் அப்போது எல்லோருக்கும் வந்துவிடும். தாங்கள் வெறும் மீன்பிடிக்கிற ஆட்கள் இல்லை என்று அவர்களுக்கு இதில் ரொம்பப் பெருமை. ஆசான் மட்டும் ஒன்றும் சொல்லாமல் விடுவார். அது அவர் சுபாவம் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது விதி வந்தது. கொடுவா முட்டையிடும் மாதங்களில் முகத்துவாரத்தில் யாரும் தூண்டில் வீசக்கூடாது. மற்ற மாதங்களில், ஒரு கை நீளத்துக்கு மேற்பட்ட கொடுவா சிக்கினால் உயிரோடு விட்டுவிட வேண்டும். எங்கும் சின்னதைத்தானே விடச் சொல்வார்கள், இது என்ன தலைகீழாக இருக்கிறது என்று சங்கம் கொதித்தது. விளக்கம் சொல்ல மீன்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கொடுவா சின்ன வயதில் ஆணாக இருக்கும், பெரிசான பிறகுதான் பெண்ணாக மாறும், பெரிய மீன்தான் முட்டையிடுகிற தாய் என்றார்.

"அப்ப நம்ம சுவர்ல தொங்குறது பூராவும் பொம்பளைகளா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அறை அதிர்ந்தது. கோமதிநாயகம் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். அதிகாரி தனக்குக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது தேர்தல் அந்த விதியின் மேல் வந்து நின்றது. போன தடவை அந்தத் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருகிற கூட்டம்தான். சங்கத்துக்காரர்கள் வீட்டோடு வந்து ஓட்டுப் போட்டால் யாரையும் ஜெயிக்கவைக்கலாம். தோற்றுப்போன தங்கப்பழம் இந்தக் கணக்கைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். கடைக்கு வந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார், அண்ணாச்சி அண்ணாச்சி என்று உருகினார். சுவரில் உங்கள் படம் ஏன் இல்லை என்று கேட்டு, அவரே வருத்தப்பட்டுக்கொண்டார்.

இன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். தலைவர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதற்காகத்தான் காலையிலேயே ஆசானிடம் வந்திருந்தார்.

தூண்டிலை வீசிவிட்டு உட்கார்ந்தார். தக்கை ஓட்டத்தோடு போய் நின்றது.

"தங்கப்பழம் ஜெயிச்சா விதியை எடுத்துருதேன்னு சொல்லுதாரு."

"சரி."

"இப்ப இருக்க எம்.எல்.ஏ. விதி இருக்கத்தான் செய்யும்ங்காரு. அந்த மனுசன் நம்ம தெருவுக்கு ஒரு ரோடு போட்டாரா? ஒரு விளக்கு மாட்டுனாரா?"

"இல்ல."

"விசைப்படகுக்காரன் வாரி அள்ளிக்கிட்டுப் போறான். அவனை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஒத்தைக் கொக்கியை வச்சிக்கிட்டு உக்காந்திருக்க நம்மகிட்ட வந்து சட்டம் பேசுதாங்க. இது நியாயமா ஆசான்?"

"நியாயம் இல்லதான்."

கோமதிநாயகத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. கம்பை நட்டுவைத்துவிட்டு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப தங்கப்பழத்துக்கே போட்டுரச் சொல்லிரட்டா?"

"தக்கையைக் காணோம் அண்ணாச்சி."

திரும்பினார். தக்கை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. கம்பு வளைந்து ஆற்றுக்குள் போகப் பார்த்தது. பாய்ந்து பிடித்தார். ரீல் அலறியது. நடு ஆற்றில் மீன் ஒருமுறை எழும்பித் தலையை உதறியது. இத்தனை வருடமாக அவர் காத்திருந்தது அதற்காகத்தான்.

ஆசான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்ததெல்லாம் கோமதிநாயகத்தின் கையில் இருந்தது. இழுக்கும்போது விட்டார், தளரும்போது சுற்றினார். பாலத்துத் தூணில் தூண்டில் நரம்பு உரசாமல் கரையோரமாக மேலே நடந்தார். சட்டை முழுக்க நனைந்து, மூச்சு வாங்கி, கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கரையோரத்துக்கு வந்தது. கொடுவா. அவர் கையைவிட நீளம். சுவரில் இருக்கும் எந்தப் படத்திலும் அந்த அளவு மீன் கிடையாது.

"ஆசான், வலை! வலை!"

ஆசான் எழுந்து வந்து கைவலையை அவர் பக்கத்தில் வைத்தார். மீனை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"எங்க போறீங்க?"

"அங்க நிக்கேன்."

தாழம்புதருக்கு அந்தப் பக்கம் போய், கடலைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

கரையில் வேறு யாரும் இல்லை. மேலே பாலத்தில்கூட ஆள் நடமாட்டம் இல்லை. விதி இருக்கிறதே தவிர, அதைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்க அங்கே யாரும் வைக்கப்படவில்லை. கோமதிநாயகம் மீனைக் கைவலையில் வாரினார். கொக்கியைக் கழற்றினார். நனைந்த சாக்கை விரித்து உள்ளே வைத்து வாயைச் சுருட்டினார். தோளில் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

சாயங்காலக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தார். தராசில் இது தொங்கும். கேலி பேசியவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். தங்கப்பழமே ஓடிவந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். இந்த விதியையெல்லாம் நான் மதிக்கவில்லை என்று வாயால் சொல்லவேண்டிய அவசியம்கூட இருக்காது. நினைக்க நினைக்க இனித்தது.

சாக்குக்குள் மீன் மெதுவாக அசைந்தது.

அவர் நின்று ஆசானைத் திரும்பிப் பார்த்தார். ஆசான் அப்படியே முதுகைக் காட்டி நின்றிருந்தார். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முகத்தைச் சுளித்திருந்தால்கூடப் போதும், வீம்புக்காவது மீனைக் கொண்டுபோயிருப்பார். கடை முதலாளியிடம் யாரும் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லி ஜெயித்ததில்லை. ஆனால் அங்கே சண்டை போட ஆள் இல்லை. அவரும் மீனும் மட்டும்தான் இருந்தார்கள்.

அவருக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, செருப்புக்காலோடு ஆற்றில் இறங்கினார்.

மீனை நிமிர்த்திப் பிடித்தார். அது சாய்ந்தது. மறுபடியும் நிமிர்த்தினார். செவுள் அசையவில்லை. சட்டென்று பயம் வந்துவிட்டது.

"போயிராத" என்றார். "ஏய், போயிராத."

ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தினார். இடுப்பு வலித்தது. வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது. பிறகு செவுள் ஒருதரம் திறந்து மூடியது. இன்னொரு தரம். கைக்குள் அந்த உடம்பு கனத்துவந்தது.

பழக்கதோஷத்தில் அவர் வாய் தானாகத் திறந்தது.

"பெரிசாகி..."

நின்றுவிட்டது. அது பெரிசாகித்தான் வந்திருந்தது. எந்த வருடமோ, எவர் கையிலிருந்தோ, ஒருவேளை அவர் கையிலிருந்தேகூட, அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டதுதான். சொன்ன பேச்சைத் தட்டாமல் வளர்ந்து, தாயாகித் திரும்பி வந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரி சொன்னபோது தான் கண்ணில் நீர் வரச் சிரித்தது ஞாபகம் வந்தது.

மீன் வாலைச் சொடுக்கியது. முகத்தில் தண்ணீர் அடித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லை.

ஈரத்தோடு தாழம்புதருக்கு அந்தப் பக்கம் போனார். ஆசான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"விட்டுட்டேன்."

"நான் கேக்கலையே அண்ணாச்சி."

இருவரும் பாலத்தடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஆசான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். கோமதிநாயகம் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நல்லது செய்த திருப்தி எதுவும் வரவில்லை.

"நான் விட்டதை நாளைக்கு நம்ம சங்கத்துக்காரனே எவனாவது பிடிப்பான்."

"பிடிப்பாங்க."

"தராசுல தொங்கவிடுவான்."

"ஆமா."

"என் மீனு அது! அவன் அதுக்குப் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுவான், நான் கீழ உக்காந்து கை தட்டணும். நான் ஒருத்தன் விட்டு என்ன பிரயோஜனம்? எல்லாரும் விட்டாத்தான..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆசான் கொக்கியை ஆற்றுத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

காப்பி ஆறிப்போனது. கடல்தண்ணீர் ஏறி, அவர்கள் கால்வரை வந்துவிட்டது.

"நீங்க ஏன் திரும்பி நின்னீங்க?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"ஓட்டுப் போடுற இடத்துல எட்டிப் பாக்கக் கூடாதுல்லா."

கோமதிநாயகம் ஆறிப்போன காப்பியை ஆற்றில் ஊற்றினார். பிறகு எழுந்தார். கம்பை மடக்கினார். காலிச் சாக்கைப் பிழிந்து சுருட்டினார். போகிறவர் ஒரு எட்டு வைத்துவிட்டு நின்றார். ரோடு போடாத மனிதரும், அண்ணாச்சி அண்ணாச்சி என்று உருகிய மனிதரும் இன்னும் அவர் மனதை விட்டுப் போகவில்லை.

"சாயங்காலம் எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பாங்க ஆசான். நான் யாருக்குப் போடச் சொல்ல?"

ஆசான் கொக்கியில் இறாலைக் கோத்தார். தூண்டிலை வீசினார். தக்கை போய் நின்றது.

"ஒவ்வொருத்தரா இங்க அனுப்பி வைங்க அண்ணாச்சி" என்றார். "மீன் மிச்சமிருக்க வரைக்கும் நான் திரும்பி நிக்கேன்."