முதல் கவளம்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம். அதன் தலைவி வடிவம்மை. சீடர் ஆவுடையப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். வயது என்ன வயது, பீடம் பீடம்தானே? 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று பந்தி போடுகிற நேரத்தில் வந்து கைகட்டி நின்றார்.

"அம்மா, சாப்பாடு முடிஞ்சதும் வண்டி வருது. அண்ணாச்சியை டவுன் காப்பகத்துல விட்டுரலாம்னு இருக்கேன். நீங்க உத்தரவு குடுக்கணும்."

அண்ணாச்சி என்றால் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் குற்றாலிங்கம். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்த மனுஷன். பாவம், மறதி நோய் வந்து, இப்போது அந்தத் தம்பியின் பெயரே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன், என்ன வந்துச்சு?"

"நேத்து கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுட்டு அப்படியே எழுந்து வந்துட்டாரு. நான் மட்டும் பாக்கலைன்னா மடமே எரிஞ்சு போயிருக்கும்."

"அடுப்படியைப் பூட்டி வையும். அதுக்கு ஆளையே அனுப்புவாங்களா?"

"அடுப்பு மட்டுமாம்மா? அவரால ஒண்ணுமே முடியாது. ஒண்ணும் தெரியாது. சோறுகூட நான்தான் ஊட்டுறேன்."

"ஊட்டாம இருந்து பாத்தீரா?"

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. "ராவும் பகலும் கூட இருக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"சரி. இன்னைக்கு அவரைப் பந்திக்குக் கூட்டிட்டு வாரும். மூத்தவர் இடத்துல உட்காரட்டும். நீர் பக்கத்துல இரும். உம்ம கை எதையும் தொடக் கூடாது. அப்புறம் உத்தரவு தாரேன்."

"பந்தியிலயா?" என்று பதறினார் ஆவுடையப்பன். அந்த மடத்து வழக்கம் அப்படி. மூத்தவர் முதல் கவளம் எடுக்காமல் பந்தியில் யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். நாலு பேர் முன்னால் அண்ணன் மானம் போகக் கூடாதென்றுதான், இத்தனை நாளும் பின்கட்டில் வைத்து ஊட்டினார். இன்று அதுவும் போச்சு!

இலை போட்டாயிற்று. சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் விழுந்தது. எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள்.

குற்றாலிங்கம் இலையைப் பார்த்தார். உப்பைத் தொட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் கை தானாக நீண்டது.

"கை," என்றார் வடிவம்மை.

ஆவுடையப்பன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சோற்றில் ஆவி அடங்கிவிட்டது.

"இன்னைக்குச் சாப்பாடு உண்டா, இல்லையாய்யா?" என்று கடைசி இலையில் ஒருவர் முனகினார். வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அண்ணாச்சி, எடுத்து வாயில வைங்க..."

"நாக்கையும் அடக்கும்."

குற்றாலிங்கம் மறுபடி இலையைப் பார்த்தார். விரல்கள் மெல்லச் சோற்றில் இறங்கின. பருப்பை இழுத்தன. பிசைந்தன. சிந்தியது. திரும்பக் கூட்டின. ஒரு கவளம் உருண்டது.

ஆவுடையப்பன் மனசுக்குள் வேண்டினார். சாமி, வாய்க்குப் போகட்டும், வாய்க்குப் போகட்டும்!

கை உயர்ந்தது. தன் வாய்ப் பக்கம் போகவே இல்லை. பக்கவாட்டில் திரும்பி, ஆவுடையப்பன் உதட்டருகே வந்து நின்றது.

"ஆ..." என்றார் குற்றாலிங்கம்.

ஆவுடையப்பன் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் கலங்கிப்போய்க் கத்தினார்.

"பாத்தீங்களாம்மா? இதைத்தானே சொன்னேன்? தன் வாய் எதுன்னுகூடத் தெரியலையே!"

வடிவம்மை தன் இலையில் கை வைத்தார். பந்தி மொத்தமும் சாப்பிட ஆரம்பித்தது.

"நீர் காலையில என்ன சாப்பிட்டீர்?"

"...ஒண்ணும் சாப்பிடலை. வண்டிக்குச் சொல்ல அலைஞ்சதுல நேரமே இல்லை."

"உமக்குப் பசிக்கும்னு எனக்குத் தோணலை. இங்க இருக்கிற ஒருத்தருக்கும் தோணலை."

டிரைவர் வாசற்படியில் வந்து நின்றார். "அம்மா, ஒண்ணும் தெரியாத பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. யாரு அது?"

குற்றாலிங்கம் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

வடிவம்மை ஆவுடையப்பனைக் காட்டினார்.

"அதை இவர்கிட்ட கேளுங்க. அது யாருன்னு இலை போடுற வரைக்கும் இவருக்குத் தெரிஞ்சிருந்தது."