பொட்டு வைத்த கயிறு

மழை பொய்த்த ஒரு காட்டில் சிங்கராஜா கிணறு வெட்டச் சொன்னார். குழிக்குள் இறங்கி வெட்டியது பெருச்சாளி. மேலே நின்று மண்கூடையைக் கயிற்றால் இழுத்தது எருமை. நரி எதுவும் செய்யவில்லை. அது மேஸ்திரி.

எருமைக்குப் பொறுமை அதிகம். நல்ல குணம் என்பார்கள். கேளுங்கள்.

ஒரு நாள் கயிற்றில் ஓர் இடம் நைந்திருப்பதை எருமை கண்டது. மூன்று புரியில் ஒரு புரி அறுந்தே விட்டது.

"மேஸ்திரி, கயிறு மாத்தணும். கீழே ஆள் இருக்கு."

"உன் கண்ணு அங்கேதான் போகுமா? நாளைக்கு ராஜா வர்றார். தண்ணி காட்டணும். இழு!"

எருமை இழுத்தது.

மறுநாள் இரண்டாம் புரியும் பிசிறடித்தது. எருமை மறுபடி சொன்னது.

"தொணதொணக்காதே. பூசை போட்டுட்டாப் போச்சு" என்றது நரி.

போட்டது. நைந்த இடத்தின்மேல் சந்தனத்தை அப்பியது. குங்குமம் வைத்தது. கற்பூரம் காட்டியது. ஓர் எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியது.

எருமை பார்த்தது. நைந்த இடம் தெரியவில்லை. தெரியாதது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

குழிக்குள்ளிருந்து பெருச்சாளி கூவியது. "அண்ணே, ஈரம் தட்டுது! ஒரு பெரிய கல்லு அடைச்சிட்டு நிக்குது. கூடையில உருட்டிட்டேன். கயிறு தாங்குமா?"

எருமை வாயைத் திறந்தது. "தாங்கும், தாங்கும்!" என்று நரி முந்திக்கொண்டது. எருமை வாயை மூடிக்கொண்டு இழுத்தது.

பாதி வழியில் கயிறு அறுந்தது.

கல் கூடையோடு குழிக்குள் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊறும் சத்தம் மட்டும் வந்தது. பெருச்சாளியை மேலே எடுத்தபோது அதற்கு உயிர் இல்லை.

சிங்கராஜா வந்தார். "என்ன ஆச்சு?"

"எருமை வெடுக்குன்னு இழுத்துடுச்சு ராஜா. பூசை நேரத்துல தும்மிச்சு வேற."

"ரெண்டு தடவை சொன்னேன்..." என்று எருமை முனகியது.

"ராஜா உன்னைக் கேட்டாரா?" என்றது நரி.

ராஜா கேட்கவில்லை. "தண்ணி வந்துச்சா?" என்றார்.

"வந்துடுச்சு ராஜா."

"அப்போ இன்னும் ஆழமா வெட்டுங்க."

மறுநாள் ஒரு முள்ளம்பன்றி வேலைக்கு வந்தது. வளையில் அதற்கு மூன்று குட்டிகள். அறுந்த கயிற்றை நரி முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. முடிச்சின்மேல் புதுச் சந்தனம்.

முள்ளம்பன்றி குழியின் விளிம்பில் நின்று கேட்டது. "அண்ணே, கயிறு தாங்குமா?"

நரி பார்த்துக்கொண்டே நின்றது.

"தாங்கும்" என்றது எருமை.

நீதி: நைந்த கயிறு என்று தெரிந்தும் இழுப்பவன், எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அறுத்தவனே.