பூக்காத செடிக்கு ஒரு காவல்காரர்

மலையும் மழையும் குறையாத நீலகோட்டுச் சீமையை முன்னொரு காலத்தில் ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனசில் பட்டதை அந்த நிமிஷமே சட்டமாக்கிவிடுவார்; நல்ல மனுஷர்தான், யோசிப்பது மட்டும் அப்புறம்.

அவர் சபையில் யாழ் வாசித்துப் பிழைத்தவள் மலையில் பிறந்து வளர்ந்த மலைச்சி. அவள் யாழுக்கும் மலையில் பூக்கும் குறிஞ்சிக்கும் ஒரே பேர். சபையே அவள் வாசிப்பில் கிறங்கியது வீணை வித்வான் ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை.

ராஜா வெற்றிலை மெல்லும் சமயம் பார்த்து, "மகாராஜா! குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம்தான் பூக்கிறது. அதே பேருள்ள யாழ் தினமும் ஒலித்தால் பூவுக்கு அவமானம் இல்லையா?" என்றார்.

"அட, ஆமாம்! இனி பூ பூத்தால்தான் யாழ்!"

மலைச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். போன வருஷம்தான் குறிஞ்சி பூத்து ஓய்ந்தது. இன்னும் பதினோரு வருஷம் வயிற்றுக்கு என்ன செய்வாள்?

மந்திரி நல்லுடையார் எழுந்தார். "அருமையான சட்டம். ஆனால் ஏதாவது செடி முந்திப் பூத்துவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? பக்கத்திலேயே ஆள் காவல் இருக்கவேண்டும். பூவின் மானத்தில் வித்வானைவிட அக்கறை யாருக்கு?"

"பலே! வித்வானே, இன்றே கிளம்பும்!"

மலையில் குளிர், மழை, அட்டை. பத்தாம் நாள் வித்வான் நொண்டிக்கொண்டே சபைக்கு வந்து ஒரு நீலப்பூவை நீட்டினார். "பூத்துவிட்டது, மகாராஜா! என் காவல் முடிந்தது."

மந்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மலைச்சிக்கு ஆள் அனுப்பினார். "குறிஞ்சிதானா, சொல்" என்று வந்தவளிடம் பூவைக் காட்டினார் ராஜா.

ஆமாம் என்றால் இப்போதே யாழைத் தொடலாம். ஆனால் குறிஞ்சி எத்தனை தரம் பூத்தது என்று எண்ணித்தான் அவள் ஜனங்கள் வயது சொல்வார்கள். அந்தப் பூவின்மேல் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்லீங்க சாமி. இது வேலியில படர்ற சங்குப்பூ."

"பொய்யா சொன்னீர்?" ராஜா சீறினார். "இவருக்கு மொட்டை அடியுங்கள்!"

"வேண்டாம் சாமி. அவரு காலைப் பாருங்க, அட்டை கடிச்சு ரத்தம் நிக்கலை. தண்டனையெல்லாம் அனுபவிச்சாச்சு."

ராஜாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்தே சுண்ணாம்பு வாங்கி, அவள் வித்வானின் கடிவாய்களில் தடவினாள். ராஜாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"பத்து நாளுக்கே இவருக்கு இந்தப் பாடு! உன்னைப் பதினோரு வருஷம் சும்மா இருக்கச் சொன்னேனே, அம்மா. சட்டம் ரத்து." கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "வாசி!"

வித்வான் நொண்டியபடியே போய், மூலையில் கிடந்த யாழை எடுத்தார். தம் பட்டு அங்கவஸ்திரத்தால் தூசியைத் துடைத்து அவள் மடியில் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்துகொண்டார்.