கத்தாத கருவி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது கிடையாது. கடைசியில்தான். அதுவரை பல்லை மூடிக்கொண்டு தவமணியைப் பாருங்கள். பாவம், அவர் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

தவமணி டவுன் பஸ் கண்டக்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர். "உள்ள போ, உள்ள போ, உள்ள ஊரே காலியா கெடக்கு, படியில என்ன தவம் பண்ற?" என்று நாள் முழுக்கக் கத்துகிறவர். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசில் அடித்தால் எதிரே வருகிற பஸ்ஸும் நின்றுவிடும். முகத்தைப் பார்த்தே எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவார். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார்.

அந்த விசில்தான் அவரைக் கெடுத்தது.

ஆடிப் பதினெட்டு அன்று மணல்மேட்டுத் துறையில் எள் விழ இடமில்லாத கூட்டம். காவிரியைக் கும்பிட்டுவிட்டு, அவருடைய மனைவி பூங்கோதை தாலிக்கயிறு மாற்ற உட்கார்ந்தாள். பழைய கயிற்றில் கோத்திருந்த பொன் காசைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். மெல்லிசான காசு. கல்யாணத்தில் அவள் அப்பா போட்டது.

"புதுக்கயிறு கட்டுற வரைக்கும் பிடிச்சிருங்க. கீழ வெச்சிராதீங்க."

"கண்டக்டர் கையிலயா காசு நழுவும்?" என்றார் தவமணி.

அந்த நேரம் பார்த்துக் கரைமேல் ஒரு பஸ் பின்வாங்க முடியாமல் "பாம் பாம்" என்று அலறியது. தவமணியின் விரல்கள் அவரைக் கேட்காமலே வாய்க்குப் போயின. விசில் பறந்தது. காசும் பறந்தது.

கூட்டம் மிதித்தது. மணல் விழுங்கியது.

பூங்கோதை திட்டவில்லை. காசு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தாள். சோறு போட்டாள். அன்றைக்கு வாய் மூடினவள்தான். "குழம்பு எப்படி?" என்று அவள் கேட்காத சோற்றைத் தவமணியால் விழுங்க முடியவில்லை.

அதனால்தான் குருவிடம் வந்தார்.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். குருவம்மாளுக்கு முப்பத்து நாலு வயது. துறைக்குப் போகிற வழியில் மைக்செட் கடை வைத்திருக்கிறாள். ஒலிபெருக்கி, சீரியல் பல்பு, அதோடு மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்துக்குச் சத்தம் போடுகிற கருவிகள் மூன்று. திருவிழா முடிந்த மைதானத்தில் யாராவது தோட்டையோ மோதிரத்தையோ தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தால், அவள் போய்க் காதால் தேடுவாள். தவமணி அவள் பெயரில் பின்பாதியை வெட்டிவிட்டு "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் பதிலுக்கு "சொல்லுங்கண்ணே" என்பாள்.

முதல் நாளே கேட்டார். "குருவே, குப்பை மண்ணுல காசு தேட எந்த மெஷின் நல்லது? ஒருத்தன் வீடியோவுல சொன்னான், 'வணக்கம் மக்களே! பெரிய தட்டு வாங்குங்க மக்களே! பாதாளம் வரைக்கும் பாயும் மக்களே!'னு."

குரு மேசைமேல் இரண்டு சோடா மூடி வைத்தாள். நடுவில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு. மேலே, நுனியில் பெரிய தட்டு மாட்டிய கருவியை ஆட்டினாள். "கொர்ர்ர்" என்றது. ஒரே உறுமல்.

சின்னத் தட்டுக் கருவியை ஆட்டினாள். "டொர்ர். டிங். டொர்ர்."

தவமணி சின்னதை எடுத்துக்கொண்டார்.

நல்ல சிஷ்யன்தான், குறை சொல்லக் கூடாது. வேலை இல்லாத நேரமெல்லாம் கரையில் நின்றார். ஆடிப் பதினெட்டின் குப்பை முழுக்க அங்கேதான் கிடந்தது. சோடா மூடி, ஊக்கு, ஹேர்பின், பாக்குப் பொட்டலம், சாக்லேட் தாள். சீக்கிரமே குரல் பிரித்துவிட்டார். ஆணி "குர்ர்". சோடா மூடி "டொர்ர்". சில்லறைக் காசு "டிங்". சாக்லேட் தாள் "கீச்", எலி வாலை மிதித்த மாதிரி.

"பொன்னுக்கு என்ன சத்தம் குருவே?"

"நான் சொன்னா உங்க காது அதை மட்டும்தான் கேக்கும்."

அவர் தாமாகவே முடிவு செய்துகொண்டார். பொன் என்றால் கோயில் மணி மாதிரி "டிங்ங்ங்" என்று கேட்கும். வேறெப்படிக் கேட்கும்?

சிரிப்பா? வரும், வரும். இன்னும் அந்த நாளுக்கே வரவில்லை.

அன்றைக்குக் காலையில் குருவின் கடை ஆட்டோ தெருவெல்லாம் கத்திக்கொண்டு போனது. "மேலணையில் தண்ணீர்... ண்ணீர்... திறக்கப்பட்டுள்ளது... ள்ளது... மாலைக்குள் இங்கு வந்து சேரும்... ஏரும்... பொதுமக்கள் யாரும்... ஆரும்... ஆற்றில் இறங்க வேண்டாம்... டாம்."

தவமணி லீவு போட்டுவிட்டுக் கருவியோடு ஓடினார். குருவும் கூட வந்தாள். அவர் நடக்கவில்லை, தாவினார். "டொர்ர்" என்றால் தோண்டினார், சோடா மூடி. "குர்ர்" என்றால் தோண்டினார், ஆணி. வேப்பமரத்தடியில் "கீச்" என்றது.

"தாள்," என்று தாண்டினார்.

"தோண்டலியாண்ணே?"

"எதுக்கு? குரலைக் கேட்டாலே தெரியுது, சாக்லேட் தாள். தண்ணி வருது குருவே, தாளுக்கெல்லாம் நேரமில்ல."

கொஞ்ச நேரத்தில் கருவியை மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது மெஷினா, எங்க டிரைவரோட மாமியாரா? கண்டதுக்கெல்லாம் கத்துது! எனக்குக் குப்பைக்குக் கத்தாத மெஷின் வேணும். வாயைத் திறந்தா காசாத்தான் இருக்கணும். அப்படி ஒண்ணு இல்லியா?"

"வீட்டுல சத்தமே இல்லன்னு வந்தீங்க. இங்க சத்தம் தாங்கலங்கிறீங்க."

"அது வேற, இது வேற."

குரு டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"போய் டீ குடிச்சிட்டு வாங்க. எடுத்து வெக்கிறேன்."

டீயை ஊதக்கூட நேரமில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, குரு வேப்பமரத்தடியில் நின்று கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கருவி சாய்ந்திருந்தது. பழையது. திரை கிடையாது, விளக்கு கிடையாது, ஒரே ஒரு குமிழ்.

"இது குப்பைன்னு ஒண்ணையும் சொல்லாது," என்றாள்.

"நெசமா?"

"சத்தியமா."

அவளே ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, குமிழைத் திருகிவிட்டாள். தவமணி தூக்கிப் பார்த்தார்.

"ஆகா, என்ன லேசா இருக்கு! அந்தச் சனியன் கையை ஒடிச்சிருச்சு."

ஆட்டினார். அமைதி. இரண்டடி நடந்தார். அமைதி. பாக்குப் பொட்டலங்கள் சிதறிக் கிடந்த இடத்தில் ஆட்டினார். கருவி அவற்றை மதிக்கவே இல்லை.

"குருவே! பாத்தீங்களா? ஒரு சத்தம் போடல! என்னா ஞானம்!"

"ம்."

"இத்தனை நாளா இதை ஒளிச்சு வெச்சிட்டீங்களே!"

அப்புறம் தவமணியைப் பிடிக்க முடியவில்லை. படித்துறையிலிருந்து புதர் வரைக்கும், புதரிலிருந்து மேடு வரைக்கும் பறந்தார். எதிரில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன கண்டக்டரே, ஆத்துக்கே டிக்கெட் போடுறீங்களா?" என்று கேட்டார். இவர் காதில் விழுந்தால்தானே? காதில் மாட்டியிருந்தது ஞானம் அல்லவா!

வெயில் சாய்ந்தது. நடுவில் வெறும் ஓடையாகக் கிடந்த ஆறு கொஞ்சம் அகலமானது. பிறகு இன்னும் கொஞ்சம். மணலில் சாய்ந்து கிடந்த பரிசலை இருவர் வந்து மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். தவமணியின் நடை ஓட்டமானது. ஓடி ஓடி ஆட்டினார். ஒரே இடத்தை இரண்டு முறை ஆட்டினார். காலையில் அந்த அமைதி இனித்தது. இப்போது அது காதுக்குள் ஈரத்துணி மாதிரி அடைத்தது. ஒரு தடவை நின்று தாமாகவே வாயால் "டிங்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தண்ணீர் படித்துறையின் கீழ்ப்படியைத் தொட்டதும் அவர் தோள் தொங்கிவிட்டது. மெல்ல வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"முடிஞ்சது குருவே. கரை மொத்தமும் பாத்துட்டேன். காசு இங்க இல்ல. அன்னிக்கே ஆத்தோட போயிருக்கும்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இந்த மெஷின் பொய் சொல்லுமா? காசும் இல்ல, குப்பையும் இல்ல. தொடச்சு வெச்ச மாதிரி சுத்தம்."

"சுத்தமா? செருப்புல என்ன அது?"

தவமணி காலைத் தூக்கினார். அடியில் ஒரு சோடா மூடி ஒட்டியிருந்தது.

"இதுவா... இது மேலாகக் கெடந்தது. அதான் மெஷின் போனாப் போகுதுன்னு விட்டிருக்கு."

"ஓ."

"அவகிட்ட நான் போய் என்ன சொல்வேன்?" அவர் குரல் இறங்கியது. விசில் அடிக்கிற வாய் கோணியது. "திட்டினாக்கூடப் பரவால்ல. மஞ்சளைக் கோத்துக்கிட்டு அவபாட்டுக்கு அடுப்பைப் பாக்குறா. நான் ஒருத்தன் வீட்டுக்குள்ள இருக்கேன்னே அவளுக்குக் கேக்கல."

குரு மண்வெட்டியை எடுத்து அவர் முன்னால் மணலில் வைத்தாள். முழு இரும்பு. பெரிய இரும்பு.

தவமணி கருவியைக் கீழே வைக்கப்போனார். தட்டு மண்வெட்டிக்கு நேர்மேலே நின்றது.

அமைதி.

அவர் மண்வெட்டியைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். ஒரு தடவை ஆட்டினார். அமைதி. தம் இடுப்பு பெல்ட்டுக்கு முன்னால் ஆட்டினார். வீட்டுச் சாவிக்கு முன்னால் ஆட்டினார். குருவின் கைவளையலுக்கு முன்னால் ஆட்டினார்.

"குருவே."

"சொல்லுங்கண்ணே."

"இதுல பேட்டரி எங்க போடுறது?"

"கைப்பிடிக்குக் கீழ."

மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளே பேட்டரி இல்லை. கசங்கிய சாக்லேட் தாள் ஒன்று அடைத்திருந்தது. அவ்வளவுதான்.

தவமணியின் முகம் கறுத்தது, சிவந்தது, மறுபடி கறுத்தது.

"தண்ணி வந்துருச்சு," என்றார். "எனக்கு இருந்தது இந்த ஒரு நாள். நான் பைத்தியக்காரன் மாதிரி ஓடினேன். நீங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. இதுதான் நீங்க சொல்லிக் குடுக்குற லட்சணமா?"

"குப்பைக்குக் கத்தாதது கேட்டீங்க."

"காசுக்கும் கத்தலியே!"

"ஆமா."

தவமணி அந்தத் தாளைப் பிடுங்கி எடுத்தார். ஆற்றில் எறியக் கை ஓங்கினார்.

குரு சின்னத் தட்டுக் கருவியை, அந்த வாயாடியை, அவர் பக்கம் நீட்டினாள்.

"எறியறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுருங்க."

அவர் எரிச்சலோடு தாளைத் தட்டுக்கு முன்னால் காட்டினார்.

"கீச்."

"தாள்," என்றார் தவமணி.

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்கண்ணே."

ஓங்கிய கை நின்றது. அவர் வேப்பமரத்தடி மணலைப் பார்த்தார். காலையில் தாண்டிப்போன இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். தாளுக்கு ஏது இந்தக் கனம்? கசங்கிய மடிப்பை விரலால் விலக்கினார். வெள்ளித் தாளுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.

நாள் முழுக்க அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் அதைத் தேடியிருக்கிறார்.

தவமணிக்கு முதலில் மூச்சுதான் வந்தது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு குலுங்கி ஏறியது. அதை அடக்க முடியாமல், அவரைக் கேட்காமலே, அந்தக் கையின் இரண்டு விரல்கள் விசிலுக்கு வாயை நோக்கிப் போயின.

"அண்ணே," என்றாள் குரு. "மொதல்ல கையை மூடுங்க."