நாச்சி என்று பெயர் வைத்த பன்றி

ஈச்சங்காட்டில் யாருக்கு ஆபத்து வந்தாலும் "நாச்சி!" என்றுதான் கத்துவார்கள்.

கிளை முறிந்து விழுகிற குரங்கு "நாச்சி!" என்று அலறும். புலியைப் பார்த்துவிட்ட மான் "நாச்சி! நாச்சி!" என்று கதறிக்கொண்டே ஓடும். முயலுக்குப் பயத்தில் குரலே எழும்பாது. வாயை மட்டும் அசைக்கும். அசைகிற அந்த வாயும் நாச்சி என்றுதான் சொல்லும்.

நாச்சி என்பது ஒரு யானை. ஒரு காலத்தில் அந்தக் காட்டு யானைக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தது. யார் கூப்பிட்டாலும் போகும். வாயில் வைத்த மூங்கிலை அப்படியே போட்டுவிட்டுப் போகும். அது இறந்து ஏழு கோடை ஆகிவிட்டது. கூப்பிடுகிற பழக்கம் மட்டும் யாரையும் விட்டுப் போகவில்லை. எங்கேயாவது "நாச்சி!" என்று குரல் கேட்டால் மற்ற மிருகங்கள் ஒரு நொடி மேய்வதை நிறுத்தும். "ஐயோ பாவம், யாரோ!" என்று சொல்லும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மேய ஆரம்பித்துவிடும்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் சேம்பிக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

சேம்பி ஒரு காட்டுப்பன்றி. அதன் புருஷன் பெயர் கிழங்கன். அந்த வருஷம் சேம்பி ஒரு குட்டி போட்டது. மற்ற பன்றிகள் ஆறும் ஏழுமாகப் போடும்போது சேம்பிக்கு ஒன்றே ஒன்றுதான். முதுகில் வரிவரியாகக் கோடு போட்ட பெண் குட்டி.

"என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டது கிழங்கன். "சகதினு வைப்போமா? நம்ம குலத்துக்கு ஏத்த பேரு. எங்க பெரியம்மா பேரும் அதுதான்."

"நாச்சினு வைக்கலாம்ங்க" என்றது சேம்பி.

கிழங்கன் தின்றுகொண்டிருந்த கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொண்டது. இருமி, செருமி, கண்ணில் தண்ணீர் வந்து, ஒருவழியாகப் பேச்சு வந்தது.

"ஏ புள்ள! உனக்கு ஏதாவது ஆயிருச்சா? அது யானை பேரு! காடே கூப்பிடுற பேரு!"

"கூப்பிடுதுல்ல? வாறதுக்குத்தான் ஆளைக் காணோம்" என்றது சேம்பி.

ஈச்சங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி பிறந்த பதினைந்தாம் நாள் அதைக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குளக்கரைப் பாறையில் மயில் ஏறி நின்று குட்டியின் பெயரை மூன்று முறை அகவும். தண்ணீர் குடிக்க வந்த எல்லா மிருகங்களும் அதைத் திருப்பிக் கூவ வேண்டும். அப்போதுதான் பெயர் நிலைத்தது என்று அர்த்தம்.

மயில் பாறையில் ஏறியது. சேம்பி அதன் காதில் பெயரைச் சொன்னது. மயில் திரும்பி ஒரு தடவை சேம்பியைப் பார்த்தது. பிறகு, வந்தது வரட்டும் என்று அகவியது.

"நாச்சி! நாச்சி! நாச்சி!"

குளக்கரை கப்சிப் என்று ஆகிவிட்டது. கிழங்கன் மட்டும் தொண்டைக்குள்ளேயே "நாச்சி" என்று முனகியது.

"அடேங்கப்பா!" என்று நரி விழுந்து விழுந்து சிரித்தது. "யானை பேரு பன்னிக்கா? அப்ப என் பிள்ளைக்குச் சிங்கம்னு வைக்கிறேன்!"

யானைக் கூட்டத்திலிருந்து தாழை முன்னால் வந்தது. தாழை, இறந்துபோன நாச்சியின் மகள். இப்போது கூட்டத்துக்கு அதுதான் தலைவி.

"அது எங்க அம்மா பேரு" என்றது தாழை. "எங்க கூட்டத்துலயே யாரும் தன் கன்னுக்கு வைக்கத் துணியல. சேத்துல புரளுற குட்டிக்கு அந்தப் பேரா?"

சேம்பி பின்வாங்கவில்லை.

"அக்கா, நான் குட்டியா இருக்கையில வெள்ளத்துல போனேன். நாச்சினு கத்தினேன். உங்க அம்மா இடுப்பளவு தண்ணியில இறங்கி வந்து என்னைத் தும்பிக்கையில தூக்குனாங்க. நீ எந்தக் குலம், எதுல புரளுவேனு ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பேரு எம்மேல பட்ட பேரு."

தாழை திரும்பி நடந்தது. யானைகள் எல்லாம் அதன் பின்னால் போயின. மயில் பாறையை விட்டு இறங்கியது. பெயர் நிலைக்கவில்லை.

"ஊரு கூப்பிடாட்டிப் போகட்டும். நான் கூப்பிடுறேன்" என்றது சேம்பி. அன்றிலிருந்து குட்டியை "நாச்சி! நாச்சி!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை. சேம்பி கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் முட்புதரிலிருந்து "நாச்சி! நாச்சி!" என்று ஒரு குரல் கேட்டது. குட்டி காதை நிமிர்த்தியது.

"அம்மா, என்னைக் கூப்பிடுறாங்க!"

சொல்லிவிட்டு நாலு கால் பாய்ச்சலில் ஓடியது.

"உன்னை இல்லடி! நில்லுடி!" என்று கத்திக்கொண்டே சேம்பி பின்னால் ஓடியது. போய்ப் பார்த்தால் ஒரு கீரி முள்ளில் மாட்டிக்கொண்டு தவித்தது. வந்தது வந்தாயிற்று, சும்மா திரும்ப முடியுமா? சேம்பி தன் தடித்த தோலால் முள்ளை நெரித்து வழி செய்தது. கீரி வெளியே வந்து, யானை எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தது. அங்கே ஒரு பன்றியும், வரிபோட்ட குட்டியும்தான் நின்றன.

"கூப்பிட்டீங்களே, என்ன வேணும்?" என்று கேட்டது குட்டி.

மறுநாள் ஒரு குரங்குக் குட்டி எறும்புப் புற்றில் விழுந்து கத்தியது. அதற்கு அடுத்த நாள் முயல் வளை இடிந்து குட்டிகள் உள்ளே மாட்டிக்கொண்டன. "நாச்சி!" என்று கேட்டால் போதும், குட்டி முன்னே, சேம்பி பின்னே, கிழங்கன் அதற்கும் பின்னே ஓட வேண்டியிருந்தது.

"ஒரு கிழங்கை முழுசாத் திங்க விடுறாங்களா?" என்று மூச்சிரைக்கப் புலம்பியது கிழங்கன். "ஊருல உள்ளவங்க பெருமைக்குப் பேரு வைப்பாங்க. நாம வேலைக்குப் பேரு வச்சிருக்கோம்!"

நரிக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது. ஒரு மத்தியானம் புதருக்குள் படுத்துக்கொண்டு, "ஐயோ! நாச்சி! செத்தேன்!" என்று ஓலமிட்டது. மூன்று பன்றிகளும் தலைதெறிக்க ஓடி வந்தன. நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சும்மாதான் கூப்பிட்டேன்! வாறீங்களானு பாத்தேன்!"

கிழங்கன் முட்டப் போனது. சேம்பி தடுத்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று நரியைக் கேட்டது. "அது போதும். நல்லா இரு."

சொல்லிவிட்டுக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரி இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தது. சிரிப்பு வரவில்லை.

இப்படிப்பட்ட ஒரு தாயை அந்தக் காடு முன்பு பார்த்ததில்லை. ஆனால் எந்தத் தாய்க்கும் பயம் என்று ஒன்று உண்டு அல்லவா? சேம்பிக்கும் அது வந்தது.

ஒரு சாயங்காலம் ஓடைப் பக்கத்திலிருந்து மான்குட்டி ஒன்று "நாச்சி!" என்று கத்தியது. குட்டிக்கு இப்போது கால் நீண்டிருந்தது. சேம்பியை வெகுதூரம் முந்திவிட்டது. சேம்பி போய்ச் சேர்ந்தபோது அங்கே சிறுத்தை நின்றது. மான்குட்டியை விட்டுவிட்டு அது பன்றிக்குட்டியின் பக்கம் திரும்பியிருந்தது. ஓடிப்போகத் தெரியாமல் குட்டி, "கூப்பிட்டது நீங்களா?" என்று சிறுத்தையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது!

சேம்பி யோசிக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போய் முட்டியது. சிறுத்தையின் நகம் அதன் தோளைக் கிழித்தது. அதற்குள் கிழங்கனும் உறுமிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பன்றிகளோடு மல்லுக்கட்ட மனமில்லாமல் சிறுத்தை விலகிப் போனது. மான்குட்டி பிழைத்தது.

அன்றிரவு சேம்பியால் படுத்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. கிழங்கன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னது.

"பேரை மாத்திரு புள்ள. நமக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. ஊரும் அந்தப் பேரை ஒத்துக்கல. யாருக்காக இந்தப் பாடு?"

சேம்பி தன் தோளைப் பார்த்தது. அந்த நகம் குட்டியின் மேல் பட்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தது. நினைக்கவே முடியவில்லை.

"சகதினே கூப்பிடுவோம்" என்றது.

மறுநாள் காலையில் "சகதி! இங்க வா!" என்று கூப்பிட்டது. குட்டி திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தது.

"இனிமே உன் பேரு சகதி. நாச்சினு யாரு கூப்பிட்டாலும் நீ போகக் கூடாது. அது நீ இல்ல" என்றது சேம்பி.

"அப்ப யாரு போவா?" என்று கேட்டது குட்டி.

சேம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்று நாள் போயிற்று. நல்ல கோடை. குளம் வற்றி, நடுவில் கொஞ்சம் தண்ணீரும் சுற்றிலும் சேறுமாகக் கிடந்தது. நாலாம் நாள் காலை, குளத்துப் பக்கமிருந்து காடு அதிர ஒரு பிளிறல் கேட்டது.

"நாச்சி! நாச்சி!"

அது தாழையின் குரல்!

குட்டி சட்டென்று எழுந்தது. ஆனால் ஓடவில்லை. தாயின் முன்னால் வந்து நின்றது.

"அம்மா, கூப்பிடுறாங்க. அது நானா, இல்லையா?"

சேம்பியின் தோள் இன்னும் விண்விண் என்று வலித்தது. கிழங்கன் வேண்டாம் என்று தலையை ஆட்டியது. இடுப்பளவு வெள்ளத்தில் தன்னைத் தேடி நீண்ட அந்தத் தும்பிக்கை சேம்பிக்கு ஞாபகம் வந்தது.

"நீதான்டி" என்றது சேம்பி. "ஆனா எம் பின்னால வா. இன்னைக்கு நான் முன்னால போறேன்."

நொண்டிக்கொண்டே ஓடியது.

குளத்தில் தாழையின் கன்று செங்குத்தான கரையிலிருந்து சறுக்கிச் சேற்றில் விழுந்திருந்தது. கழுத்துவரை புதைந்துவிட்டது. யானைகள் கரையில் நின்று தும்பிக்கையை நீட்டினால் கரை பெயர்ந்து கன்றின் மேலேயே விழுந்தது. சேற்றில் இறங்கினால் அவையும் புதைந்துவிடும். அவ்வளவு பெரிய யானை தாழை, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

சேற்றைப் பற்றிச் சேம்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிட்டது.

"அக்கா, இழுக்காதீங்க! எல்லாரும் பின்னால போங்க! கரையைச் சரிவாத் தோண்டிட்டா கன்னு தானா ஏறிரும்!"

சொல்லிக்கொண்டே மூக்கை மண்ணில் வைத்து உழ ஆரம்பித்தது. கிழங்கனும் வந்து சேர்ந்துகொண்டது. காய்ந்து கெட்டிப்பட்ட கரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. சேம்பியின் தோளில் காயம் திறந்து ரத்தம் வழிந்தது. அது நிறுத்தவில்லை. குட்டி சேற்றின் மேல் தத்தித் தத்திப் போய்க் கன்றின் மூஞ்சிக்கு நேராக உட்கார்ந்துகொண்டது.

"தலையைத் தூக்கியே வச்சுக்க. எங்க அம்மா வந்துட்டா!" என்றது.

திடீரென்று சேம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால்கள் மண்ணைப் பறித்தன. பார்த்தால் அந்தக் கீரி! அதற்கடுத்து முயல்கள். குரங்குகள் கோரைப்புல்லைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி வந்து சேற்றில் போட்டன. கோடியில், யார் முகத்தையும் பார்க்காமல், நரியும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது கன்றின் முன்கால்வரை சரிவு தயாரானது. கன்று புல்மேல் ஒரு காலை வைத்தது. சறுக்கியது. மறுபடி வைத்தது. முன்கால் இரண்டும் சரிவில் ஊன்றியதும் தாழை தும்பிக்கையால் அதை வளைத்து ஒரே இழுப்பாக இழுத்தது. கன்று கரையில் வந்து விழுந்தது!

தாழை கன்றைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தது. பிறகு சேம்பியிடம் வந்தது. அதன் தோளில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தது. உடம்பெல்லாம் சேறாக நின்ற குட்டியைப் பார்த்துக் கேட்டது.

"உம் பேரு என்னம்மா?"

குட்டி தாயைப் பார்த்தது. 

யாரும் கேட்காமலே மயில் பாறையில் ஏறியது.

"நாச்சி!"

தாழை தும்பிக்கையை வானத்துக்குத் தூக்கி, குளமே அலையடிக்கும்படி பிளிறியது. "நாச்சி!"

கீரி கூவியது. முயல்கள் கூவின. அன்றைக்கு அவற்றுக்கும் குரல் எழும்பியது. எல்லாக் குரலையும் மிஞ்சிக்கொண்டு நரி ஊளையிட்டது. மூன்று முறை கூவி முடித்தபோது, குட்டி சேம்பியின் காதோரம் வந்து ரகசியமாகக் கேட்டது.

"அம்மா, இத்தனை பேரு கூப்பிடுறாங்களே! யாருகிட்ட முதல்ல போக?"

சேம்பி வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்கும்போதே அழுதது.

அதன்பின் ஈச்சங்காட்டில் "நாச்சி!" என்று குரல் கேட்டால், பக்கத்தில் இருக்கிறவர் யாரானாலும் ஓடுகிறார்கள். ஆனாலும் முதுகு வரி மறைந்து வளர்ந்துவிட்ட அந்தக் குட்டிதான் முதல் ஆளாகப் போய் நிற்கிறது.

பிள்ளைக்குப் பெரிய பெயரைச் சூட்டுகிறவர், பிள்ளை வளரும்வரை அந்தப் பெயருக்குரிய வேலையைத் தாமே செய்ய வேண்டும்.