தொங்கன் போட்ட தூரக் கணக்கு

ஏரி வற்றிவிட்டது. கரையோரக் கருவேல மரத்தில் கூடு கட்டியிருந்த தொங்கன் என்ற கூழைக்கடாவுக்கு இரண்டு குஞ்சுகள். முந்தின நாள் காலையிலிருந்து அவை ஒரு வாய் மீன் தின்னவில்லை. கத்தக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன.

"வெள்ளாயி, நீ பிள்ளைகளுக்கு நிழல் கொடு. நான் நெடுவயல் ஏரிக்குப் போறேன்!" என்றது தொங்கன் மனைவியிடம். "நாலு காதம். காதத்துக்கு ஒரு நாழிகை. போக நாலு, மீன் பிடிக்க ரெண்டு, வர நாலு. ஆகப் பத்தே நாழிகை! உச்சி வெயிலுக்குள்ளே வந்துடுவேன்."

"ஏங்க, வரும்போது பை நிறைய மீன் கனக்குமே? எதிர்க்காத்து வேற அடிக்குமே?"

"அட போடி! போறப்போ ஒரு தூரம், வர்றப்போ ஒரு தூரமா? ஏரி என்ன நகர்ந்தா போகும்?"

போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. மூன்றே நாழிகையில் ஏரி வந்துவிட்டது! தொங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. "இறக்கைன்னா இதுதான்யா இறக்கை!" என்று தன்னையே மெச்சிக்கொண்டு, அலகுப் பை கொள்ளுமட்டும் மீனை அள்ளியது.

திரும்பும்போதுதான் தெரிந்தது சேதி. காற்று மூஞ்சியில் அறைந்தது. பை கழுத்தைக் கீழே இழுத்தது. உச்சி வெயில் வந்தபோது பாதி வழிகூடத் தாண்டவில்லை.

'பாரம் குறைந்தால் வேகம் கூடும்' என்று யோசித்தது தொங்கன். ஒரு மீனை விழுங்கியது. பை லேசானது. ஆகா! இன்னொன்றையும் விழுங்கியது. 'பிள்ளைகளுக்காகத்தானே தின்கிறேன்!' என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்ததையும் உள்ளே தள்ளியது. அப்படியே ஒவ்வொன்றாகப் போனது. வேகம் மட்டும் கூடவே இல்லை.

மூச்சு வாங்க ஒரு புளியமரத்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. "அட மடப்பயலே! பையிலிருந்த பாரம் வயித்துக்குத்தானே போயிருக்கு? அதையும் நீதானே சுமக்கிறே? அலகு ஒரு முழம், அறிவு அரை விரற்கடை!" தலையில் அடித்துக்கொள்ளக் கைதான் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் கூட்டுக்கு வந்து சேர்ந்தது. குஞ்சுகள் தட்டுத்தடுமாறி எழுந்து பைக்குள் தலையை விட்டன. ஒரே ஒரு கெண்டை இருந்தது. ஆளுக்குப் பாதி.

"அப்பா, அந்த ஏரியில மீனே இல்லையா?" என்று கேட்டது மூத்தது.

'இல்லை' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. குஞ்சின் ஒட்டிய வயிற்றையும் தன் உப்பிய வயிற்றையும் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நிறைய இருந்துச்சு கண்ணு. எல்லாத்தையும் உங்கப்பன்தான் வழியிலேயே தின்னுட்டான்."

வெள்ளாயி திட்டவில்லை. மறுநாள், காற்று கிளம்புமுன்னே தானே புறப்பட்டது. பாரம் தெரியாத அளவுக்கு நாலே நாலு மீன் கொண்டுவந்தது. குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

வெறும் பையோடு போகும் தூரம் வேறு, வீட்டார் பசிக்குச் சுமந்து திரும்பும் தூரம் வேறு என்று அறியாதவன் கணக்கு, அவன் வயிற்றை நிரப்பிப் பிள்ளைகளைப் பட்டினி போடும்.